காற்றைத் திருப்பித் தந்த வள்ளல்

அண்ணாச்சி, உங்களைப் போல ஒரு கொடையாளியை எங்கள் தென்காசிச் சீமை கண்டதில்லை.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியே காற்று இறங்குகிறது. குற்றாலத்தில் சாரலைத் தூவி, இலத்தூர் வயல்களைத் தாண்டி, ஆய்க்குடி, சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றிவிடுகிறது. தமிழ்நாட்டில் இப்படி 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் கரண்ட்டை வாங்கியவர்கள் எல்லாம் தங்கள் வேலைக்கே வைத்துக்கொண்டார்கள். நீங்கள் ஒருவர்தான் காற்றிடம் வாங்கியதைக் காற்றாகவே திருப்பித் தருகிறீர்கள். உங்கள் ஆலையின் கம்ப்ரசர் அந்தக் கரண்ட்டில் ஓடி, 7 பார் அழுத்தத்துக்குக் காற்றை இறுக்கித் தருகிறது. ஹோஸின் வெடிப்பும் தளர்ந்த கிளிப்பும் அதை வானத்தில் சேர்த்துவிடுகின்றன. கவனிப்பில்லாத ஆலைகளில் இறுக்கிய காற்றில் 20 முதல் 30 சதவீதம் இப்படித்தான் போகிறது.

கொடுத்ததைச் சொல்லிக்காட்டாத குணமும் உங்களுக்கு உண்டு. எண்ணெய் ஒழுகினால் தரை காட்டிக்கொடுத்துவிடும். காற்று ஒழுகினால் தடமில்லை. ‘உஸ்’ என்ற சத்தம் ஒன்றுதான் சாட்சி. அதையும் மெஷின் இரைச்சலுக்குள் ஒளித்துவைத்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்களுக்கு விடுமுறை. ஆனால் தருமத்துக்கு விடுமுறை கிடையாது. கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு மெஷினும் காற்றுக் கேட்காத அந்த நேரத்தில் 10 நிமிடத்துக்கு 3 நிமிடம் அது லோடு எடுத்தால், அதன் திறனில் 30 சதவீதம் கசிவுக்கே போகிறது என்று கணக்கு.

கோடியில் நிற்கும் மெஷினுக்கு அழுத்தம் போதவில்லை என்று ஆப்பரேட்டர் வந்து நின்றார். ஓட்டையைத் தேடி யாரையும் சிரமப்படுத்தாமல், அழுத்தத்தை 1 பார் கூட்டினீர்கள். அதற்குச் சுமார் 7 சதவீதம் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். கூடிய அழுத்தத்தில் ஓட்டையும் கூடுதலாகப் பெற்றுக்கொண்டது. கேட்டவருக்கும் கொடுத்து, கேட்காத ஓட்டைக்கும் கொடுத்த கை உங்கள் கை.

எரிசக்தித் தணிக்கை அறிக்கையை நீங்கள் பேணும் அழகைச் சொல்லி முடியாது. பக்கம் புரட்டினால் அழுக்காகும் என்று அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். இன்றும் அது அச்சகத்து மணம் மாறாமல் இருக்கிறது.

இவ்வளவு கொடைக்கும் பொருள் வேண்டுமே! அதற்கும் வழி கண்டீர்கள். கரண்ட் பில் ஏறிவிட்டது என்று தீபாவளி போனஸைக் குறைத்தீர்கள். மனிதர் கையிலிருந்து எடுத்து ஓட்டைக்குக் கொடுக்க எல்லாராலும் முடியாது.

அண்ணாச்சி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு வாளி சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகக் குழாய் வழியே நடந்து பாருங்கள். குமிழ் விடும் இடமெல்லாம் நீங்கள் தருமம் செய்த இடம். கோயில் டியூப்லைட்டில் எழுதுவது போல அங்கெல்லாம் ‘உபயம்’ என்று எழுதிவிடலாம். பக்கத்தில் யார் பெயரை எழுதுவது என்பதை மட்டும் போனஸ் குறைந்தவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.