கழற்றி வீசப்பட்டவை: கிட்டார் துணைக்கருவிகள் குறித்த ஓர் அங்க ஆய்வு

பாயிரம்

பிக், கேப்போ, தோள்வார் ஆகிய மூன்றும் கிட்டாரின் நிலைபெற்ற துணைகள். அவற்றைப் பற்றிப் பேச ஆட்கள் உண்டு. மாட்டிய வாரமே கழற்றி வீசப்பட்ட துணைக்கருவிகளைப் பற்றியோ அறிஞர் உலகம் வாய் திறப்பதில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுந்தது. களப்பணியின் பெரும்பகுதி இவ்வாய்வாளரின் மேசை இழுப்பறையில் நடைபெற்றது.

இக்கருவிகளை விலை, நாடு, காலம் என்றெல்லாம் பிரிப்பது வீண் வேலை. எந்த உறுப்பின் பிழைப்பைக் கெடுக்க வந்தவை என்று பார்ப்பதே முறை. அவ்வழியில் இவை நான்கு வகைப்படும்: உள்ளங்கை, வயிறு, விரல், காது.

1. உள்ளங்கை இயல்

1950-களின் தொடக்கத்தில் ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் கிட்டார் கடைக்கு வந்தபோது, தந்திகளைத் தாங்கும் அதன் பிரிட்ஜ்மேல் பளபளவென்று ஒரு குரோம் மூடி கவிழ்ந்திருந்தது. பார்க்க அழகுதான். ஆனால், தந்தியின் அதிர்வை அடக்க வாசிப்பவர் உள்ளங்கையின் ஓரத்தை வைக்கும் இடமும் அதுவே. ஆகவே கழற்றினார்கள். கழற்றிய மூடியை மேசையில் மல்லாத்தியபோது அதன் பிறவிப்பயன் தெரிந்தது: சிகரெட் சாம்பலை அதில் தட்டலாம். இன்றுவரை அந்த மூடிக்கு 'ஆஷ்டிரே' என்றே பெயர்.

நிறுவனம் அசரவில்லை. அதிர்வை அடக்கத்தானே கை வருகிறது, அதையும் நாமே செய்துவிடுவோம் என்று 1962-இல் ஜாகுவார் கிட்டாரில் ஒரு பொறியை வைத்தது. ஒரு பட்டையை அழுத்தினால் மெத்தென்ற திண்டு எழும்பி, ஆறு தந்திகளின் அடியிலும் முட்டி ஒலியைக் கம்மச் செய்யும். உள்ளங்கையோ இதே வேலையை வேண்டிய தந்தியில், வேண்டிய நொடியில், வேண்டிய அளவுக்கு, சம்பளமில்லாமல் செய்துவந்தது. திண்டும் கழன்றது.

2. வயிற்று இயல்

1960-களில் கிரெட்ச் நிறுவனம் சில கிட்டார்களின் முதுகில் பொத்தான் வைத்த மெத்தை ஒன்றை மாட்டி அனுப்பியது. அதன் அடியில் ஒயர் வேலைக்கான ஓட்டை இருந்தது. மெத்தை அதை மறைக்கும், கிட்டார் வயிற்றில் உரசாமலும் காக்கும். வயிறு இயற்கையிலேயே மெத்தை என்பதால் இவ்வியல் இத்துடன் முடிகிறது.

3. விரல் இயல்

இவ்வகையின் சிகரம் கிஸ்மோட்ரான். '10சிசி' என்ற இங்கிலாந்துக் குழுவின் கெவின் காட்லியும் லால் கிரீமும் கண்ட கனவு அது. கிட்டாரின் பிரிட்ஜ் பக்கம் ஒரு பெட்டி, பெட்டிக்குள் மோட்டார், மோட்டாரால் சுழலும் பல்வைத்த ஆறு பிளாஸ்டிக் சக்கரங்கள். ஒரு கட்டையை அழுத்தினால் அதற்குரிய சக்கரம் இறங்கித் தந்தியை வில்போல இழுக்கும். ஒற்றைக் கிட்டாரில் வயலின் கூட்டமே ஒலிக்கும் என்பது திட்டம்.

இருவரும் 1976-இல் குழுவை விட்டு வெளியேறினர். கருவியின் பெருமையைக் காட்டத் தொடங்கிய சிறிய பதிவு வீங்கி வீங்கி, 1977-இல் 'கான்சீக்வென்சஸ்' என்ற மூன்று தட்டு ஆல்பமாக வெளிவந்தது. அந்த ஆண்டுதான், மூன்று கார்டு (சுரக்கூட்டு) தெரிந்தால் மேடையேறலாம் என்று பங்க் இசை இளைஞர்கள் லண்டனைக் கலக்கிக்கொண்டிருந்தார்கள். மியூசிட்ரானிக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் வழியே கருவி விற்பனைக்கு வந்தது. நிறுவனத்துக்கும் வாழ்வில்லை, கருவிக்கும் வாழ்வில்லை. காலம் போகப் போகச் சக்கரங்கள் இளகிச் சிதைந்தன. லெட் செப்பெலினின் ஜிம்மி பேஜ் இதைத் தொட்டுப் பார்த்தவர். ஆனால் அவர் முன்பே சாதாரண வயலின் வில்லை எடுத்துக் கிட்டாரில் இழுத்துப் பெயர் வாங்கியவர். வில்லுக்கு மோட்டார் இல்லை, ஆகவே பழுதும் இல்லை.

அஃதேல், 1976-இல் வந்த இ-போ மட்டும் இன்றும் விற்கிறதே எனின், நல்ல கேள்வி. அது உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி. தந்தியைத் தொடாமலே காந்தப்புலத்தால் அதை ஓயாமல் அதிர வைக்கும். எந்த விரலாலும் இயலாத காரியம் அது. மேலும், கிட்டாரில் எதையும் பூட்ட வேண்டாம், அலுத்தால் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். சட்டைப்பைச் சோதனையில் தேறிய கருவி சாவதில்லை.

4. காது இயல்

வீணைக்குப் பிருடை எப்படியோ, கிட்டாருக்குத் தலைப்பக்கத் திருகிகள் அப்படி. காது கேட்கும், கை முறுக்கும். இவ்விருவரையும் வேலைநீக்கம் செய்ய, கிப்சன் நிறுவனம் 2007-இல் ரோபோ கிட்டாரை இறக்கியது. தந்திகளை மீட்டினால் குட்டி மோட்டார்கள் 'விர்ர்' என்று சுழன்று தாமே சுருதி சேர்க்கும். விரும்பியவர் வாங்கியவரை வம்பில்லை. 2015-இல் பெரும்பாலான மாடல்களில் இதைக் கட்டாயமாக்கி, விலையையும் ஏற்றினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே நிறுவனம் பின்வாங்கியது. இதற்கிடையே, கிட்டாரின் தலையில் துணிக்கிளிப் போலக் கவ்வி, சுருதி சரியா இல்லையா என்று மட்டும் சொல்லிவிட்டு, முறுக்கும் வேலையைக் கைக்கே விட்ட மலிவு டியூனர் உலகம் முழுக்கப் பரவியது.

துணிபு

கையிடமிருந்து பறித்த வேலையைக் கை திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். கைக்குத் தெரியாத வேலையைச் செய்வதோ, கைக்குத் தகவல் மட்டும் சொல்வதோ பிழைக்கும்.

இவ்விதியை இவ்வாய்வாளர் தம் செலவிலேயே சோதித்தார். விரல் நோகாமல் கார்டு பிடிக்கலாம் என்று விளம்பரம் கண்டு, கழுத்தில் மாட்டும் பொத்தான் பெட்டி ஒன்றை வாங்கினார். ஒரு பொத்தானை அழுத்த மூன்று தந்திகளை அழுத்தும் பலம் தேவைப்பட்டது. தந்தி அழுத்தி விரல் நுனி காய்ப்பேறுவதற்குப் பதில், பொத்தான் அழுத்திக் கட்டைவிரல் வீங்கியது. இப்போது அப்பெட்டி வீட்டு ஜன்னல் காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. ஆஷ்டிரேக்கு அடுத்தபடியாக, இத்துறையில் பயன்பட்ட கருவி அதுவே.