லோகோ ரெடி, தங்கம் வரும்

கோலார் தங்கவயலில் இன்று ஒரு யூடியூப் சேனல் தொடங்க ஒரு சாயங்காலம் போதும். ராபர்ட்சன்பேட்டையில் சொன்ன டீ கைக்கு வருவதற்குள் சாட்ஜிபிடி இருபது பெயர்களை நீட்டிவிடும். பதினெட்டில் 'கோல்டு' இருக்கும், மீதி இரண்டில் 'கிங்' இருக்கும். அடுத்து லோகோ. குறுக்கே வைத்த இரண்டு பிக்காசு, நடுவில் தீப்பிழம்பு, மேலே உருக்கி ஊற்றியதுபோல் மினுங்கும் மூன்று ஆங்கில எழுத்து. அப்புறம் பேனர், பத்து விநாடி இன்ட்ரோ, இடி இடிக்கும் பின்னணி இசை, 'ஆழத்தின் குரல்' என்கிற மாதிரி ஒரு முழக்கவரி, விசிட்டிங் கார்டு, டி-ஷர்ட்டுக்கு ஒரு டிசைன். நம் சேனல்காரர் இவ்வளவையும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் முடித்து, ஸ்டேட்டஸில் போட்டு, 'சப்போர்ட் பண்ணுங்க மக்களே' என்று நாலு வாட்ஸாப் குரூப்புக்கும் தள்ளிவிடுவார். வீடியோவா? அது வரும். முதலில் பிராண்டு செட் ஆக வேண்டாமா?

இவரைப் பார்த்துச் சிரிப்பவர்கள் எல்லாரும் ஏஐ வந்து பிள்ளைகளைக் கெடுத்துவிட்டது என்று முடிக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சரக்குக்கு முன்னால் லேபிள் ஒட்டும் பழக்கம் இந்த ஊருக்குப் புதிதே அல்ல. 1880-ஐ ஒட்டிய வருஷங்களில் இந்தியத் தங்கம் என்றாலே லண்டன் பங்குச் சந்தைக்குப் பித்துப் பிடித்திருந்தது. வயநாட்டில் நொடித்துப்போன காபித் தோட்டங்களை வாங்கி, கீழே தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று பிராஸ்பெக்டஸ் அச்சடித்து, டஜன் கணக்கில் கம்பெனிகள் முளைத்தன. பங்கு விற்றது, தங்கம்தான் வரவில்லை. அதே காய்ச்சலிலும் அதற்குப் பிறகும் கோலார்ப் பக்கம் வந்த கம்பெனிகள் வைத்த பெயர்களைப் பாருங்கள். 'கோரமண்டல்' என்று ஒன்று. கோரமண்டல் கரையோ இங்கிருந்து இருநூறு கிலோமீட்டர். 'நந்திதுர்க்' என்று ஒன்று. அந்த மலை இங்கிருந்து எங்கேயோ தள்ளி இருக்கிறது. 'மைசூர் மைன்' மாரிக்குப்பத்தில் இருந்தது (சமஸ்தானத்தின் பெயர் என்று இதற்கு மட்டும் ஒரு சமாதானம் சொல்லலாம்). வேலைக்கு வந்த ஆளுக்கு இந்தப் பெயர்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. லண்டனில் பங்கு வாங்குகிற கனவானின் காதுக்கு இதமாக இருந்தால் போதும். பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் போகிற ரயில் இன்றைக்கும் 'கோரமண்டல்' ஸ்டேஷனில் நின்று போகிறது. உப்புக் காற்றுதான் வீசுவதில்லை.

ஆனால் அங்கே கடைசியில் யாரோ தோண்டினார்கள். மைசூர் கம்பெனியின் முதல் கிட்டத்தட்டக் கரைந்து, மூட்டை கட்டலாமா என்று பங்குதாரர்கள் யோசித்த கட்டத்தில்தான், 1880-களின் நடுவில் கேப்டன் பிளம்மர் என்பவர் பழைய குழிகளுக்குக் கீழே போய்ச் சாம்பியன் தங்கரேகையைப் பிடித்தார். அதற்குப் பிறகு வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்த ஜனங்கள், பெரும்பாலும் தலித் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் இறங்கி 3,200 மீட்டர் ஆழம் வரைக்கும் போனார்கள். 800 டன்னுக்கு மேல் தங்கம் வெளியே வந்தது. நம் சேனல்காரரின் தாத்தா அநேகமாக அந்தக் கூண்டில் இறங்கினவர்தான். தொழில்முறையில் மட்டும் பேரன் தாத்தாவுக்கு வாரிசு இல்லை. லண்டனில் உட்கார்ந்து பிராஸ்பெக்டஸ் எழுதின கனவானுக்கு வாரிசு. அந்தக் கனவானுக்கு அச்சுக்கூலியாவது ஆயிற்று. இவருக்கு ஜியோ ரீசார்ஜோடு முடிந்துவிடுகிறது.

செலவு குறைந்தது ஒரு பக்கம். அதைவிடச் சிக்கலான காரியம் ஒன்றையும் இயந்திரம் செய்கிறது: உள்ளூர்க்காரருக்கே வேறு ஊரைக் கொடுத்து, இதுதான் உன் ஊர் என்கிறது. அது படித்ததெல்லாம் இணையத்தில் கிடப்பது. 2018 டிசம்பரில் யாஷ் நடித்த 'கே.ஜி.எஃப்.' படம் வந்தபிறகு இணையத்தில் தங்கவயல் என்றால் தாடி, சுத்தியல், கரும்புகை. எனவே 'தங்கவயல் தொழிலாளி' என்று படம் கேட்டால், முகமெல்லாம் கரி பூசி, கையில் தீவட்டி பிடித்து, முழங்கால் அளவு தங்கக்கட்டிகளுக்கு நடுவில் ஒருவரை நிறுத்துகிறது. கரி எடுக்கிற ஊர் இது இல்லை. இங்கே எடுத்தது படிகக்கல் ரேகை. கடைசிக் காலத்தில் ஒரு டன் கல்லுக்குச் சில கிராம் தங்கம், அதுவும் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது. கல்லை மாவாக இடித்து, சயனைடில் ஊறவைத்துப் பிரித்தார்கள். மிஞ்சின மண்தான் ஊரைச் சுற்றி மேடு மேடாக நிற்கிற சயனைட் டம்ப். பதின்மூன்று டம்ப், மூன்று கோடி டன்னுக்கு மேல். நிறமும் வெளிறிய சாம்பல், மஞ்சள். காற்றடித்தால் காயப்போட்ட துணியில் படியும். அந்த மேட்டின்மேல்தான் யாஷ் படத்துக்கு செட் போட்டார்கள். இது வேடிக்கையான சுற்று: நிஜ மேட்டின்மேல் கறுப்பாக ஒரு கற்பனை ஊர் கட்டினார்கள், அது உலகம் சுற்றியது, இயந்திரம் அதைப் படித்தது, மேட்டடியில் குடியிருக்கிறவர் ஜன்னலைத் திறந்து பார்க்காமல் அதையே தம்ப்நெயிலாக வாங்கிக்கொண்டார். 2024-இல் 'தங்கலான்' படம் வந்ததும் குழப்பம் இரட்டிப்பானது. இப்போது ஒரே படத்தில் கோவணமும் இருக்கிறது, கோட்டும் இருக்கிறது.

ஸ்கிரிப்டும் இதே கதைதான். 'பூமியின் இதயத்தில் புதைந்திருக்கும் மர்மம்' என்று தொடங்காத ஸ்கிரிப்ட் ஒன்று காட்டினால் ஆச்சரியப்படுவேன். அதைப் படிக்கிற ஏஐ குரலோ டெல்லியிலிருந்து செய்தி வாசிக்கிற தோரணையில், சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுத் தமிழின் வாசனையே படாமல், 'இதோ அந்த அதிர்ச்சித் தகவல்' என்கிறது. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 'ரகசிய ஆய்வு' நடந்ததாம். வேற்றுக்கிரகம் வரைக்கும் போகிறது கதை. நடந்தது என்னவென்றால், 1965-இல் இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் அந்தச் சுரங்கத்தின் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தைப் பதிவு செய்தார்கள். உலகத்திலேயே முதல் பதிவுகளில் ஒன்று, அறிவியல் இதழில் அச்சாகி எல்லாரும் படித்தது. வேற்றுக்கிரகவாசியை விட்டுவிட்டு இதைச் சொன்னாலே வாய் பிளக்கலாம். அதுபோலவே பிராண்டிங் கற்றுக்கொள்ள வேண்டுமென்றாலும் இயந்திரத்திடம் போக வேண்டியதில்லை. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கின பத்திரிகைக்கு விலையையே பெயராக வைத்தார்: 'ஒரு பைசாத் தமிழன்'. யாருக்கான பத்திரிகை, எவ்வளவு காசு, என்ன மொழி எல்லாம் மூன்று சொல்லில் முடிந்துவிட்டது. அவர் மறைந்த பிறகு அந்தப் பத்திரிகை 'தமிழன்' என்ற பெயரில் 1926-இல் மறுபடி உயிர்பெற்றதும் இதே தங்கவயலில்தான், ஆசிரியர் அப்பாதுரையார் கையில். அதற்குத் தீப்பிழம்பு லோகோ இருந்ததாகத் தெரியவில்லை. உள்ளே விஷயம் இருந்தது.

'அடுத்தவன் சரக்கை எடுத்துப் போடுவது ஏஐ வருவதற்கு முன்பும் நடந்ததுதானே?' என்று கேட்பார்கள். நடந்தது. ஆனால் கையால் காப்பியடிக்கிறவர் நடுவில் எங்காவது தப்பு பண்ணுவார், தன் மாமா சொன்னதை ஒரு வரி சேர்ப்பார், அலுத்துப்போய்ப் பாதியில் விடுவார். இப்போது பத்து சேனலில் ஒரே வாக்கியம், ஒரே குரல், ஒரே ஏற்ற இறக்கம். யூடியூபுக்கே இது பொறுக்கவில்லை போல. 2025 ஜூலையில், மொத்தமாக அச்சில் வார்த்தெடுத்த வீடியோக்களுக்கு விளம்பரக் காசு இல்லை என்று விதியைத் தெளிவாக்கியது. விளம்பர வருமானத்துக்கு ஆயிரம் சப்ஸ்கிரைபரும் வருஷத்துக்கு 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும் என்ற வாசல் வேறு இருக்கிறது. நம்மவர் வாசலில் நிற்கும்போதே டி-ஷர்ட் அச்சடித்துவிட்டார் என்பதுதான் சங்கடம்.

இன்னொரு ஆட்சேபணையைச் சுலபமாகத் தள்ள முடியாது. சுரங்கம் 2001 பிப்ரவரி 28-இல் மூடியது. அதிலிருந்து வேலை என்றால் பெங்களூரு; ஆயிரக்கணக்கானவர்கள் விடியலுக்கு முன்னால் ரயில் பிடித்து இரவில் திரும்புகிறார்கள். இப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் ஸ்டூடியோ இல்லாமல், எடிட்டருக்குக் காசில்லாமல், செல்போனை வைத்துக்கொண்டு எதையாவது செய்துபார்த்தால் அவனை ஏன் கேலி செய்ய வேண்டும்? நியாயமான கேள்வி. வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் கன்னடம் படித்து, ஆபீசுக்கு இங்கிலீஷ் கற்றுக்கொண்டவருக்கு மூன்று மொழியிலும் சப்டைட்டில் போட்டுத்தர ஏஐயைவிட மலிவான ஆள் கிடையாது. காற்றிரைச்சலை எடுக்கும், குலுங்கின படத்தை நிறுத்தும், மூன்று மணி நேரப் பேச்சை எழுத்தில் இறக்கித்தரும். அந்த வேலையை எல்லாம் அது செய்யட்டும். கூலிக்காரனாக இருக்கிறவரைக்கும் எனக்கு அதோடு சண்டை இல்லை. ஊருக்குச் சாட்சி சொல்ல அதைக் கூப்பிடும்போதுதான் சண்டை வருகிறது. அது கூண்டில் இறங்கினதில்லை.

இறங்கினவர்கள் இன்னும் இருக்கிறார்கள், லைன் வீட்டுத் திண்ணையில். மூடின வருஷம் முப்பது வயதாக இருந்தவருக்கே இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆழத்துக்குப் போனவர்கள் எழுபதைத் தாண்டினவர்கள், பலருக்கு மூச்சு வாங்குகிறது, காரணம் பாறைத்தூள். சேனல்காரர் சில சமயம் அங்கேயும் போவார். சட்டையில் மைக் குத்துவார். 'தாத்தா, படத்துல வர்ற மாதிரி உள்ள சண்டைல்லாம் நடக்குமா?' என்பார். 'சண்டை இன்னாடா சண்டை, அனல்டா' என்று தொடங்கி அவர் சொல்வார்: அடியில் பாறையே அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும், குளிர்காற்றை மேலிருந்து இறக்குவார்கள், ஏர்பிளாஸ்ட் (அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பது) வந்தால் மேலே லைன் வீட்டுப் பாத்திரமெல்லாம் உருளும், பெண்டுகள் ஷாஃப்ட்டை நோக்கி ஓடுவார்கள், எந்தக் கூண்டில் யார் வருகிறார்கள் என்று பார்க்க. இருபது நிமிஷம். எடிட்டில் இது பதினோரு விநாடியாகிறது, ஏனென்றால் பிராண்டு டெம்ப்ளேட்டில் பேட்டிக்கு அவ்வளவுதான் இடம். அந்தப் பதினோரு விநாடியிலும் தாத்தாவின் முகத்தை மறைத்துக்கொண்டு ஏஐ தீவட்டி எரிகிறது.

வீடியோ ஏறின அன்றைக்கே ஆண்டர்சன்பேட்டைக்காரர் ஒருவர் கீழே எழுதுகிறார்: 'தம்பி, இது நம்ம ஊரே இல்லியேப்பா.' மூன்று விநாடியில் பதில் வருகிறது: 'உங்கள் மேலான கருத்துக்கு மிக்க நன்றி! எங்கள் ஊரின் பெருமையை அறிந்துகொள்ள மறக்காமல் சப்ஸ்கிரைப் செய்யுங்கள்.'