கேள்வி இருக்கட்டும், நீங்கள் யார்?

2019 ஜூன் 16. பிகாரின் முசாபர்பூரில் மூளைக்காய்ச்சல் கண்டு குழந்தைகள் நாள்தோறும் செத்துக்கொண்டிருந்த சமயம். டெல்லியிலிருந்து மத்திய சுகாதார அமைச்சர் ஹர்ஷ்வர்தன் வந்திருந்தார், கூட்டம் நடந்தது. நடுவில் மாநிலச் சுகாதார அமைச்சர் மங்கள் பாண்டேவுக்கு ஒரு சந்தேகம். எத்தனை விக்கெட் விழுந்தது என்று கேட்டேவிட்டார். அன்றைக்கு மான்செஸ்டரில் இந்தியா - பாகிஸ்தான் ஆட்டம். பக்கத்திலிருந்து பதிலும் உடனே வந்தது. இந்த நாட்டில் கேட்ட மாத்திரத்தில் சரியான பதில் கிடைத்த அபூர்வமான கேள்வி அது.

இரண்டு நாள் கழித்து மக்களவையில் பதவியேற்பு. ஹைதராபாத் உறுப்பினர் அசதுத்தீன் ஒவைசியின் பெயரைக் கூப்பிட்டதுதான் தாமதம், ஆளும் வரிசைகளிலிருந்து ‘ஜெய் ஸ்ரீராம்’, ‘வந்தே மாதரம்’ என்று கோஷம் கிளம்பியது. மனிதர் அசரவில்லை. இன்னும் சத்தமாக, இன்னும் என்று கையை ஆட்டி ஊக்கப்படுத்திக்கொண்டே நடந்துபோனார். வெளியே வந்து, என்னைப் பார்த்ததும் இவர்களுக்கு இதெல்லாம் நினைவுக்கு வருவது நல்லதுதான், அரசியல் சட்டமும் முசாபர்பூர் குழந்தைகளும்கூட நினைவுக்கு வரட்டும் என்றார்.

வரவில்லை. ஷெர்வானியும் தாடியும் தொப்பியும் கண்ணை மறைத்துக்கொண்டு நிற்கும்போது நூற்றுக்கு மேல் செத்த பிள்ளைகள் எப்படித் தெரிவார்கள்?

ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 15 அன்று தேசியப் புலனாய்வு முகமைச் சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வந்தது. முன்னாள் மும்பை போலீஸ் கமிஷனரும் பாஜக உறுப்பினருமான சத்யபால் சிங், ஹைதராபாத் போலீஸ் கமிஷனர் ஒருவரை ஓர் அரசியல் தலைவர் மிரட்டி விசாரணையைத் திசைதிருப்பச் சொன்னதாக ஒரு கதை சொன்னார். ஹைதராபாத்துக்காரர் எழுந்து, ஆதாரத்தை அவையின் மேசையில் வையுங்கள் என்றார். நியாயமான கோரிக்கை. எழுந்து வந்தது ஆதாரம் அல்ல, உள்துறை அமைச்சரின் ஆட்காட்டி விரல். கேட்கப் பழகிக்கொள்ளுங்கள் என்றார் அமித் ஷா. விரலை நீட்டாதீர்கள், பயப்பட மாட்டேன் என்றார் ஒவைசி. உங்கள் மனதில் பயம் இருந்தால் நான் என்ன செய்வது என்றார் அமைச்சர். மேசை தட்டல். விவாதம் முடிந்தது, மசோதா நிறைவேறியது.

அதே ஹைதராபாத்தில் 2007 மே 18, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் மெக்கா மசூதியில் குண்டு வெடித்து 9 பேர் இறந்தார்கள். வழக்கை எடுத்து நடத்தியது இதே புலனாய்வு முகமை. 2018 ஏப்ரல் 16 அன்று, விசாரணையைச் சந்தித்த ஐந்து பேரையும் நீதிமன்றம் விடுதலை செய்தது. தீர்ப்பு எழுதிய நீதிபதி அன்றே ராஜினாமா கடிதம் கொடுத்தார். அப்படியானால் குண்டு வைத்தவன் யார்? அந்த விரல் நீண்டிருக்க வேண்டிய திசை அது.

நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. பதினைந்து நாள் முன்னதாக எழுதிக் கொடுக்கவேண்டும். 150 சொல்லுக்குள் அடக்கவேண்டும். குலுக்கலில் பெயர் வரவேண்டும். வாய்மொழியாகப் பதில் சொல்லவேண்டிய நட்சத்திரக் கேள்விகள் நாளைக்கு இருபதே இருபது. இத்தனையும் தாண்டினாலும், கேள்வியில் வாதம் கூடாது, அனுமானம் கூடாது, கேலி கூடாது என்று மக்களவை விதி 41 சொல்கிறது. கேள்வியில்தான் கேலி கூடாது. பதிலில் கூடாது என்று யாரும் விதி எழுதி வைக்கவில்லை. அந்த ஓட்டையில்தான் அரசாங்கமே குடியிருக்கிறது.

ஊரடங்கில் ஊருக்கு நடந்தே போய் வழியில் செத்த தொழிலாளர்கள் எத்தனை பேர், குடும்பங்களுக்கு இழப்பீடு உண்டா? 2020 செப்டம்பரில் தொழிலாளர் அமைச்சகத்தின் பதில்: அப்படி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளவில்லை, ஆகவே இழப்பீடு பற்றிய கேள்வியே எழவில்லை. ஆக்சிஜன் இல்லாமல் செத்தவர்கள் எத்தனை பேர்? 2021 ஜூலையில் சுகாதார அமைச்சகம்: மாநிலங்கள் அப்படிக் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை. டெல்லி எல்லையில் போராடிச் செத்த விவசாயிகள்? 2021 நவம்பரில் வேளாண் அமைச்சகம்: எங்களிடம் பதிவு இல்லை, ஆகவே உதவித்தொகைக் கேள்வி எழவில்லை. செத்தவன் செத்தான் என்று ஒப்புக்கொள்ளக்கூட இங்கே மனு போடவேண்டும். காஞ்சிபுரத்தில் ஏடும் எழுத்தாணியுமாக உட்கார்ந்திருக்கிறாரே சித்திரகுப்தர், அவரை டெல்லிக்கு மாற்றிப் பாருங்கள். முதல் நாளே ஏட்டைப் பிடுங்கிவிட்டு, மாநில அரசுகள் தகவல் தரும்வரை காத்திருக்கச் சொல்வார்கள்.

உள்நாட்டுக் கேள்விகளுக்குக் கணக்கு இல்லை. வெளிநாட்டுக் கேள்விகளுக்கு அனுமதியே இல்லை. 2020 ஜூன் 15 இரவு கல்வானில் நம் வீரர்கள் 20 பேர் கொல்லப்பட்டார்கள். நான்கு நாள் கழித்து நடந்த அனைத்துக் கட்சிக் கூட்டத்தில், நம் எல்லைக்குள் யாரும் நுழையவில்லை என்றார் பிரதமர். யாருமே நுழையவில்லை என்றால் சண்டை எங்கே நடந்தது என்று கேட்கக்கூடிய ஆளான ஒவைசியின் மஜ்லிஸ் கட்சிக்கு அந்த ‘அனைத்து’க்குள் இடமில்லை. 2022 டிசம்பர் 9 அன்று தவாங் அருகே மறுபடி மோதல். பாதுகாப்பு அமைச்சர் அறிக்கை வாசித்தார். விவாதம் கேட்ட எதிர்க்கட்சிகள் வெளிநடப்புத்தான் செய்ய முடிந்தது. ஒவைசி என்றால் சந்தேகம், சரி. சுப்பிரமணியன் சுவாமி யார்? சீனர்கள் எல்லைக் கோட்டைத் தாண்டினார்களா என்று 2021இல் அவர் எழுதிக் கொடுத்த கேள்வியும் தேச நலன் கருதி மறுக்கப்பட்டது. அவரே அதை வெளியே சொன்னார். ஆளும் கட்சிக்காரர் வாயில் வந்தாலும் சீனா என்ற சொல் தேசத்துக்கு ஆகாது.

இவர்கள் காலையும் மாலையும் திட்டித் தீர்க்கிற நேருவின் காலத்தில், 1962 நவம்பரில், எல்லையில் சீனாவிடம் உதை வாங்கிக்கொண்டிருந்த அதே வாரத்தில் மக்களவை விவாதம் நடத்தியது. 165 உறுப்பினர்கள் பேசினார்கள். பிரதமர் உட்கார்ந்து கேட்டார். தோற்றவருக்கு இருந்த அந்தத் தைரியம், ஓர் அங்குலம்கூட இழக்காதவர்களுக்கு ஏன் வரவில்லை?

2025 ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்டதும் அனைத்துக் கட்சிக் கூட்டம் கூடியது. ஐந்தோ பத்தோ உறுப்பினர் இருக்கிற கட்சிகளைத்தான் அழைக்கிறோம் என்று அமைச்சர் கிரண் ரிஜிஜு தொலைபேசியில் தன்னிடம் சொன்னதாக ஒவைசி போட்டு உடைத்தார். துக்க வீட்டுக்கும் குறைந்தபட்ச ஓட்டுத் தகுதி! பிறகு அமித் ஷாவே கூப்பிட்டார், போனார். அடுத்த மாதம் நடந்ததுதான் வேடிக்கை. வெளிநாடுகளில் இந்தியாவின் நியாயத்தை எடுத்துச் சொல்ல எம்பிக்கள் குழு புறப்பட்டபோது, சவூதி அரேபியா, குவைத், பஹ்ரைன், அல்ஜீரியா செல்லும் குழுவில் ஒவைசியும் இருந்தார். போன இடமெல்லாம் பாகிஸ்தானை வெளுத்து வாங்கினார். வீட்டுக்குள் ‘பாகிஸ்தானுக்குப் போ’. வெளியே ‘இந்தியாவுக்காகப் போ’. ரியாத்தில் இறங்கியதும் பளபளக்கிற தேசபக்தி டெல்லியில் இறங்கியதும் எப்படிக் கறுக்கிறது என்பதை விமான நிலையச் சுங்கத்துறைதான் ஆராயவேண்டும்.

ஜூலையில், பஹல்காமுக்குப் பதிலடியான ஆபரேஷன் சிந்தூர் பற்றி மக்களவையில் விவாதம். ரத்தமும் தண்ணீரும் சேர்ந்து ஓடாது என்று சொல்லி சிந்து நதி ஒப்பந்தத்தை நிறுத்தினீர்கள். பாகிஸ்தானோடு கிரிக்கெட் மட்டும் எப்படி ஆடுவீர்கள், கொல்லப்பட்டவர்களின் வீட்டாரிடம் அந்த ஆட்டத்தைப் பாருங்கள் என்று சொல்ல உங்கள் மனசாட்சி இடம் கொடுக்குமா என்று கேட்டார் ஒவைசி. அந்தக் கேள்விக்குப் பதில் ஆட்டமாகவே வந்தது. செப்டம்பர் 14, துபாய். ஏழு விக்கெட் வித்தியாசத்தில் வென்றோம். செத்தவர் கணக்கு இல்லாவிட்டாலும் விக்கெட் கணக்கு நம்மிடம் எப்போதும் சுத்தமாக இருக்கும்.

இதெல்லாம் ஹைதராபாத்காரர் பாடு, நமக்கென்ன என்று தமிழ்நாட்டில் யாரும் சாய்ந்து உட்காரவேண்டாம். 2019 டிசம்பர் 9 அன்று குடியுரிமைத் திருத்த மசோதாவின் பிரதியை ஒவைசி அவையிலேயே கிழித்துப் போட்டார். கிழித்தது சரியா என்று தொலைக்காட்சிகள் ஒரு வாரம் அடித்துக்கொண்டன. மசோதாவில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் இருக்கின்றனவே, இலங்கை எங்கே, மண்டபம் முகாமில் பிள்ளை பெற்று பேரன் பெயர்த்தியும் எடுத்துவிட்ட தமிழர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்வி அந்தக் காகிதத்தோடு கிழிந்து போயிற்று. இரண்டு நாள் கழித்து மாநிலங்களவையில் அதிமுக உறுப்பினர்கள் 11 பேரும் மசோதாவுக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அவர்களிடம் யாரும் விரல் நீட்டவில்லை. தேவைப்படவில்லை.

கச்சத்தீவு இன்னொரு கூத்து. அதை மீட்கவேண்டுமானால் போருக்குத்தான் போகவேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னவர் இதே அரசின் தலைமை வழக்கறிஞர். பத்து வருடம் கழித்து, 2024 மார்ச் கடைசியில், தமிழ்நாட்டில் ஓட்டுப் பதிவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிரதமருக்குக் கச்சத்தீவு நினைவுக்கு வந்தது. மறுநாள் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் நிருபர்களிடம், இருபது ஆண்டுகளில் இலங்கை நம் மீனவர்கள் 6,184 பேரைச் சிறைபிடித்திருக்கிறது, 1,175 படகுகளைப் பறித்திருக்கிறது என்றார். அந்த இருபதில் பத்து யாருடைய பத்து? ராமேஸ்வரத்துக்காரன் கேட்டால் அதற்கும் 1974 ஒப்பந்தம்தான் பதில். ஏப்ரல் 19 அன்று ஓட்டுப் பெட்டி மூடியது. கச்சத்தீவும் அதோடு கடலுக்குள் போய்விட்டது.

கேள்விக்கு வலு இருந்த காலம் ஒன்று உண்டு. 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளுக்குப் போனது ஏன் என்று மக்களவையில் எழுந்து கேட்டவர் பெரோஸ் காந்தி: காங்கிரஸ் உறுப்பினர், பிரதமரின் மருமகன். நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். இரண்டே மாதத்தில் நிதி அமைச்சர் பதவி விலகினார். அவர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. மாமனார் மருமகனைப் பார்த்து, நீ எந்த நாட்டு ஏஜென்ட் என்று கேட்கவில்லை. அதே குடும்பம் 1975இல் நெருக்கடி நிலையைக் கொண்டுவந்து கேள்வி நேரத்தையே நிறுத்தியதும் உண்மை. அந்தப் பாவத்தை ஆண்டுதோறும் ஜூன் 25 அன்று நினைவூட்டுகிறவர்கள், 2020இல் கொரோனாவைக் காட்டி அதையே செய்தார்கள். 2023 டிசம்பரில் அவைக்குள் இரண்டு பேர் குதித்துப் புகைக்குப்பியை வீசியது எப்படி, உள்துறை அமைச்சர் வந்து சொல்லட்டும் என்று கேட்ட பாவத்துக்கு 146 எம்பிக்கள் இடைநீக்கம். குதித்தவர்கள் இருவர், வெளியே போனவர்கள் 146 பேர். காலி நாற்காலிகளின் முன்னால் மூன்று குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. 2005இல் கேள்வி கேட்கக் காசு வாங்கியதற்காக 11 எம்பிக்களை வெளியே அனுப்பினார்கள். இன்றைக்குக் காசு கொடுத்தாலும் பதில் கிடைக்காது.

ஒவைசியைத் தூக்கிவைத்துக் கொண்டாடவும் நான் எழுதவில்லை. டெல்லியில் கர்ஜிக்கிற கட்சி ஹைதராபாத்தில் என்ன செய்கிறது? 1984 முதல் தந்தை, 2004 முதல் மகன். நாற்பது வருடம் அதே தொகுதி. சட்டமன்றத்தில் தேர்தலுக்குத் தேர்தல் ஏழு இடம். 2012 வரை காங்கிரஸின் தோழர், பிறகு சந்திரசேகர ராவின் தோழர், 2023இல் ஆட்சி மாறியதும் ரேவந்த் ரெட்டியோடும் சுமுகம். கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் கட்சித் தலைமையகமான தாருஸ்ஸலாமிலிருந்து சலாம் போய்விடும். மெட்ரோ ரயில் 2017இல் மியாபூரில் ஓடத் தொடங்கியது. பழைய நகரத்துக்குப் போகவேண்டிய பாதை 2020இல் மூசிக்கரைப் பேருந்து நிலையம்வரை வந்தது. அங்கிருந்து சார்மினார் வழியாகப் பலக்நுமாவுக்கு வெறும் ஐந்தரைக் கிலோமீட்டர். அதற்கு அடிக்கல் நாட்டவே 2024 மார்ச் ஆயிற்று. ஹைடெக் சிட்டிக்காரன் ஏசி பெட்டியில் போகிறான். பழைய நகரத்துக்காரன் ஷேர் ஆட்டோவில் நான்காவது ஆளாகத் தொங்குகிறான். அவன் எழுந்து கேட்டால், பாஜக வந்துவிடும் பார் என்று வாயை அடைக்கிறார்கள். டெல்லிக்கு ஒவைசி எப்படியோ, பலக்நுமாவில் கேள்வி கேட்கிறவன் ஒவைசிக்கு அப்படி.

2022 பிப்ரவரியில் உத்தரப் பிரதேசத்தில் ஒவைசியின் காரைச் சுட்டார்கள். இசட் பிரிவுப் பாதுகாப்பு தருகிறோம் என்றது அரசு. இசட் வேண்டாம், ஏ பிரிவுக் குடிமகனாக வாழவிடுங்கள் என்று மக்களவையில் பதில் சொன்னார். சில நாளில் அமித் ஷா எழுந்து, தயவுசெய்து பாதுகாப்பை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார். கேட்ட கேள்விக்குப் பதில் தரமாட்டார்கள், கேட்காத துப்பாக்கியைத் தருவார்கள்.

அமைச்சர் என்பவர் அரண்மனை வாசலில் நம்மை நிறுத்திவைத்துத் தரிசனம் தருகிற ஜமீன்தார் இல்லை. கேள்விக்குப் பதில் சொல்லச் சம்பளம் வாங்குகிற ஆள். சோப்புக்கு வரி கட்டுகிற அத்தனை பேரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள். தொப்பி போட்டவனும் கொடுக்கிறான், திருநீறு பூசியவனும் கொடுக்கிறான். கடைக்காரர் சில்லறை குறைத்துக் கொடுத்தால் சண்டைக்குப் போகிற நாம், ஐந்து வருடம் பதிலே கொடுக்காதவருக்கு மாலை போட்டு வழியனுப்புகிறோம். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிற எம்பி, நிழற்குடை கட்டினேன், ஹைமாஸ் விளக்குப் போட்டேன் என்று பட்டியல் வாசிப்பார். வாசித்து முடிக்கட்டும். பிறகு ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த அமைச்சரை, எந்த நாளில், எந்தக் கேள்வியால் வியர்க்க வைத்தாய்? விழித்தால் அனுப்பிவிடுங்கள். நீ யார் இதைக் கேட்க என்று திருப்பிக் கேட்டால், ஓட்டுப் போடுகிறவன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.