மீட்டர் அத்தை

கரண்ட் போனால் எங்கள் அத்தை இருக்கிற தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் "ச்சே" என்று ஒரு சத்தம் வரும். ஒரு வீட்டிலிருந்து மட்டும் வராது. அந்த வீட்டு வாசல்படியில் அத்தை உட்கார்ந்து, விசிறிக் காம்பால் முதுகைச் சொறிந்தபடி, ஓடாமல் நிற்கிற மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். அழுத குழந்தை தூங்கிப்போனால் தாய் முகத்தில் ஒரு நிம்மதி வருமே, அது இருக்கும்.

அப்பாவின் தங்கை என்பதால் எனக்கு அத்தை. மதுரை அண்ணா நகரில் அந்தத் தெருவுக்கே அவர் மீட்டர் அத்தை. இந்த ரகத்தில் ஊருக்கு நாலு பேர் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். ஆணாக இருந்தால் பெரும்பாலும் ரிட்டயர்டு சித்தப்பாவாக இருப்பார். கஞ்சன் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கஞ்சன் காசைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவன். அத்தைக்கு நோட்டில் கூட்டல் சரியாக வந்தால்தான் சந்தோஷம். ஒருமுறை கணக்கில் பதினோரு ரூபாய் கூடுதலாக வந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், கீரைக்காரம்மாவுக்குக் கொடுக்காமல் விட்ட பாக்கி என்று ஞாபகம் வந்து, வெயிலில் ஓடிப்போய்க் கொடுத்துவிட்டு வந்து அப்புறம் ரசம் சாதம் சாப்பிட்டார்.

காலையில் ஆவின் பச்சைப் பாக்கெட்டில் நாள் தொடங்கும். மூலையைக் கத்தரிக்கும்போது துண்டு தனியாக விழாமல் ஒட்டிக்கொண்டே நிற்க வேண்டும். விழுந்தால் எடை போச்சு. பாலை ஊற்றியபின் பாக்கெட்டுக்குள் அரை டம்ளர் தண்ணீர் விட்டு, காதருகே வைத்து ஒரு குலுக்கு. அந்தத் தண்ணீர் மாமாவின் காபிக்கு. பிறகு பாக்கெட்டைப் பிளந்து அலசி, அடுப்படி டைல்ஸில் ஒட்டிவிடுவார். பத்து மணிக்குள் காய்ந்து தானே உதிரும். மாதம் முடிந்தால் பால் கவர் தனி, பேப்பர் தனி, எண்ணெய்க் கவர் தனி.

பழைய பேப்பர்காரர் ஒருவர் அந்தத் தெருவுக்கு வருவார். முதல் தடவை அத்தை பேப்பர் கட்டைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையைத்தான் கொண்டுவந்தார். "தம்பி, இதை முதல்ல நிறுத்துக் காட்டு." தராசு நாலரை காட்டியது. அத்தை கோபப்படவில்லை. "அரிசிக் கடைக்காரன் ஏமாத்திட்டான் போல. வா, ரெண்டு பேரும் போய்க் கேட்போம்" என்று செருப்பைத் தேடினார். அந்த மனிதர் மறுவாரம் வேறு தராசோடு வந்தார். தெருவில் மற்றவர்களுக்கும் அதில்தான் நிறுக்கிறார். அத்தை வீட்டுத் தராசு என்றே அதற்குப் பெயர்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று இதே அண்ணா நகரில்தான் திறந்தது. தனக்காகவே திறந்தது என்பது அத்தையின் உறுதியான எண்ணம். சந்தைக்குப் போகிறவர்களில் இரண்டு கட்சி உண்டு. விடிகாலையில் போய்ப் பனி ஈரத்தோடு வாங்குகிறவர்கள் ஒரு கட்சி. கடையைக் கட்டுகிற நேரத்தில் போய், "திருப்பியா தூக்கிட்டுப் போகப்போற, குடுத்துட்டுப் போ" என்கிறவர்கள் இன்னொரு கட்சி. அத்தை இரண்டிலும் உறுப்பினர். ஆறு மணிக்குப் போய் விலைப் பலகையைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புவார். பத்தரைக்கு மறுபடி போய் வாங்குவார். ஒரே கத்தரிக்காய்க்கு ரெண்டு நடையா என்று கேட்டேன்.

"நடக்கிறதுக்கு ஜிம்முல காசு வாங்குறாய்ங்க மருமகனே. சந்தையில வாங்கல."

அத்தையின் நூல் சேலை ஒன்று எத்தனை வருஷம் உழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அது சாவதே இல்லை. சேலை கிழிந்தால் திரைச்சீலை. அது நைந்தால் தலையணை உறை. பிறகு குழந்தை பிறந்த வீட்டுக்கு இடுப்புத் துணி, அடுப்படிக் கைப்பிடித் துணி, தரை துடைக்கிற துணி. கடைசியில் கார்த்திகைக்குத் திரியாகி எரியும்போது அத்தை கும்பிடுவார். சுவாமியையா சேலையையா என்று தெரியாது.

பலவீனம் இல்லாத மனுஷி உண்டா? அத்தைக்கு ஸ்டீல் பாத்திரம். எதை வாங்கினால் எவர்சில்வர் கிண்ணம் இலவசமோ, அது வீட்டுக்கு வேண்டுமா என்ற கேள்வியே எழாது. பரணில் பிரிக்காத கிண்ணங்கள் அட்டைப்பெட்டிக் கணக்கில் இருக்கின்றன. பழைய துணிக்குப் பாத்திரம் என்று கூவிக்கொண்டு வந்தவரிடம் ஒருமுறை மாமாவின் பேண்ட் இரண்டைக் கொடுத்து மூன்றடுக்கு டிபன் கேரியர் வாங்கினார். நல்ல பேரம்தான். பேண்டை மாமா அப்போது உடுத்திக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் கவனித்திருக்கலாம். இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறேன். அவர் வேட்டிக்கு மாறி வந்து கழற்றிக் கொடுத்ததாகக் குடும்ப வரலாறு.

மாமா அப்போது பள்ளிக்கூட வாத்தியார். பணியாளர் கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தில் கடன் போட்டு ஸ்கூட்டர் வாங்கி, மாதா மாதம் வட்டி கட்டிக்கொண்டிருந்தார். 2016 நவம்பர் 8, ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் பிரதமர் பேசினார். ஐநூறும் ஆயிரமும் செல்லாது. மாமா, "நம்மகிட்ட ஏது, விடு" என்று மோரைக் குடித்துவிட்டுப் படுத்தார். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து டப்பா மூடிகள் திறக்கிற சத்தம். முதலில் உளுந்து டப்பா. அடுத்து கடலைப்பருப்பு. பிறகு ஏணி போடுகிற சத்தம், பரண்மேல் எவர்சில்வர் உரசுகிற சத்தம். மாமா எழுந்து போய்ப் பார்த்தபோது அத்தை தரையில் உட்கார்ந்து நோட்டுகளில் ஒட்டிய பருப்பை ஊதிக்கொண்டிருந்தார். நாற்பத்தோராயிரத்து ஐநூறு ரூபாய். ஸ்கூட்டர் கடனைவிட அதிகம்.

"நான் வட்டி கட்டுறேன், நீ வேடிக்கை பாத்துக்கிட்டு இருந்தியா?"

"இது இருக்குன்னு சொல்லியிருந்தா கார் வாங்கியிருப்பீக."

மாமாவிடம் பதில் இல்லை. மறுவாரம் முழுக்க வங்கி வாசலில் வரிசையில் நின்றது அவர்தான். அந்த நோட்டுகளில் பெருங்காய வாசம் அடித்ததாகவும், கவுண்டரில் இருந்த பெண் எண்ணி முடிப்பதற்குள் மூன்று முறை தும்மியதாகவும் சொல்வார். உளுந்து டப்பா மறுபடி நிரம்பிவிட்டது என்று கேள்வி. ஆனால் புதிதாக வந்த இரண்டாயிரம் ரூபாய்த் தாளை அதற்குள் அவர் விட்டதே இல்லை. "நேத்து வந்தவன், எம்புட்டு நாள் இருப்பானோ." 2023 மே 19 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தபோது அத்தை யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. தெருவில் கொஞ்சம் மெதுவாக நடந்தார், அவ்வளவுதான்.

இனி மொய் நோட்டு. மதுரைப் பக்கத்தில் மொய் நோட்டு இல்லாத வீடு, கதவு இல்லாத வீடு மாதிரி. யார் வீட்டு விசேஷத்துக்கு என்ன செய்தோம், நமக்கு யார் என்ன செய்தார்கள் என்ற கணக்கு. அத்தையின் நோட்டில் கூடுதலாக ஒரு பத்தி உண்டு: அன்றைய பவுன் விலை. "உங்க அப்பன் காலத்துல அம்பத்தொண்ணு செஞ்சவகளுக்கு இன்னைக்கு அம்பத்தொண்ணு வச்சா அது மொய்யா? களவு." பவுனை வைத்துப் பெருக்கி வகுத்து, வந்த தொகையை அடுத்த நூற்றுக்கு உயர்த்தி, அதன்மேல் அந்த ஒற்றை ரூபாயையும் சேர்ப்பார். நூற்றியொன்று, ஐநூற்றியொன்று. அந்த ஒரு ரூபாய் வைக்காமல் மொய் எழுதினால் உறவு அத்தோடு முடிந்தது என்று அர்த்தமாம். பால் பாக்கெட்டை அலசுகிற கை, மொய்யில் மட்டும் ஒரு பைசா குறைத்ததில்லை.

இப்போது மீட்டருக்கு வருகிறேன். என் பங்கும் இதில் உண்டு என்பதால்தான் இவ்வளவு நேரம் தள்ளிப்போட்டேன்.

இங்கே கரண்ட் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 2023-இல் நூறு யூனிட் இலவசம். ஐநூறுக்குள் நின்றால் ஒரு ரேட், ஒரு யூனிட் தாண்டினாலும் வேறு ரேட். அந்த வருஷக் கோடையில் ஐநூறு யூனிட்டுக்கு 1725 ரூபாய். ஐநூற்றியொன்றுக்கு 1958. அந்தக் கடைசி யூனிட்டின் விலை எட்டு ரூபாய்தான்; ஆனால் அது எல்லையைத் தாண்டும்போது 101 முதல் 200 வரை சும்மா இருந்த யூனிட்டுகளையும் தட்டி எழுப்பி, இரண்டே கால் ரூபாயை நாலரை ஆக்கிவிடும். ஆகமொத்தம் ஒரு யூனிட் 233 ரூபாய். அத்தை இதற்காக நாளொன்றுக்கு எட்டே கால் யூனிட் என்று பட்ஜெட் போட்டிருந்தார். காலையும் மாலையும் மீட்டர் பார்த்து, தினசரிக் காலண்டரில் கிழிக்காத தாளின் ஓரத்தில் பென்சிலால் குறிப்பார்.

அந்த மே மாதம் நாங்கள் குடும்பத்தோடு லீவுக்குப் போய் இறங்கினோம். பிள்ளைகள் வந்ததும் கேட்டது ஏசி. அத்தை பையன் போட்டுக் கொடுத்த ஏசி அது. அதன் ரிமோட் அதுவரை பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வந்ததில்லை. அத்தை முகம் சுளிக்கவில்லை. "போட்டுக்கங்க கண்ணுகளா" என்றார். ஆனால் பகல் முழுக்க எங்களை வீட்டில் இருக்கவிடவில்லை. மீனாட்சியம்மன் கோயில் கல் மண்டபத்தில் பன்னிரண்டரை மணி வரை. நடை சாத்தியதும் காந்தி மியூசியத்து மரத்தடி. சாயங்காலம் மறுபடி கோயில். நாலு நாளில் என் மகள் யாளிகளுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டாள். எங்களுக்குப் பக்தி கூடியது, மீட்டர் மெதுவாக நடந்தது.

ரீடிங் எடுக்க வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் 495. அன்று பார்த்து உசிலம்பட்டியில் ஒரு துக்கம். அத்தை போயே ஆக வேண்டும். போகும்போது என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மோட்டார் போட்டா பக்கத்துலயே நில்லு மருமகனே."

பதினோரு மணிக்குப் போட்டேன். போனில் ஏதோ பார்த்தேன். தூங்கிவிட்டேன். மாமா ராத்திரியில் காது மெஷினைக் கழற்றிவைத்துவிட்டுப் படுப்பவர். விடியற்காலை அத்தை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியபோது மாடியிலிருந்து குற்றாலம் கொட்டிக்கொண்டிருந்தது. மல்லிகைத் தொட்டி வாசல்வரை நீந்தி வந்திருந்தது. அவர் மோட்டாரை நிறுத்தினார். மீட்டரைப் பார்த்தார். துக்க வீட்டுக்குப் போய்வந்தவர் தீட்டுக் கழிக்கக் குளிக்கக்கூடப் போகாமல் அங்கேயே நின்றார்.

பத்து மணிக்கு ரீடிங் எடுப்பவர் வந்தார். நல்ல மனிதர், அத்தையைத் தெரிந்தவர். குனிந்து பார்த்துவிட்டு நிமிரவே இல்லை. "அம்மா, ஒரே ஒரு யூனிட்…" என்று இழுத்தார். அத்தை மோர் டம்ளரை நீட்டினார். "இருக்கிறதை எழுதுப்பா."

501.

மாமா பேப்பரைத் தாழ்த்திச் சொன்னார்: "என்ன மாப்ளே, ஈபிக்கு மொய் வச்சிட்டியா?"

அத்தை என்னைத் திட்டவில்லை. மத்தியானம் எனக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, இரண்டாவது தடவை சோறு போட்டார். அதுதான் பயமாக இருந்தது.

மறுவருஷம் மகளுக்குக் காதுகுத்து, மதுரையிலேயே ஒரு மண்டபத்தில். மொய் எழுதுகிற மேசையில் உட்கார்ந்திருந்தவர் அத்தையின் கவரைப் பிரித்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு தயங்கித் தயங்கி மைக்கில் சொன்னார்: "அத்தை மொய், நாலாயிரத்து எழுநூத்தி அறுபத்தெட்டு." பந்தியில் இருந்தவர்கள் இலையிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

"அய்யாயிரத்து ஒண்ணுதேன்" என்றார் அத்தை, எல்லாருக்கும் கேட்கும்படி. "மோட்டார் 233 கழிச்சிருக்கு. எம் மருமகனுக்குத் தெரியும்."

பிறகு மேடையேறி, மடியிலிருந்து சுருக்குப் பையை அவிழ்த்து, அரைப் பவுன் தோட்டை எடுத்து மகள் காதருகே வைத்துப் பார்த்தார். பதினோரு மாத நகைச்சீட்டு. எண்ணிப் பார்த்தேன்: மோட்டார் ஓடிய அடுத்த மாதமே சீட்டுக் கட்டத் தொடங்கியிருந்தால்தான் கணக்குச் சரியாக வரும்.

"இது எந்த நோட்டுல அத்தை?"

"சீருக்கு ஏதுடா நோட்டு?" என்றவர், திரும்பி மேடையில் ஆளில்லாத பக்கம் ஓடிக்கொண்டிருந்த இரண்டு ஃபேன்களைப் பார்த்தார். "மண்டபத்துக்காரன் கரண்டுக்கு யூனிட் கணக்குல தனியா வாங்குவான்ல. உள்ள வரும்போது ஆரம்ப ரீடிங் குறிச்சியா?"

நான் விழித்தேன்.

அத்தை சுருக்குப் பைக்குள் மறுபடி கையை விட்டு, நாலாக மடித்த காலண்டர் தாள் ஒன்றை எடுத்து என் சட்டைப் பையில் செருகிவிட்டு, ஸ்விட்ச் போர்டு எங்கே என்று தேடிக்கொண்டு போனார்.