குறைக்கிறேன் பேர்வழி

தோட்டத்தைக் குறைக்கப் போவதாக மாடித்தோட்டக்காரர் அறிவித்தால் அக்கம்பக்கத்தார் உஷாராகிவிட வேண்டும். அடுத்த வாரமே அங்கே செடி கூடியிருக்கும். முழங்கால் வலி, சித்திரை வெயில், பேரனைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டியிருப்பது என்று குறைப்பதற்கான காரணங்களை அவர் நியாயமாகத்தான் அடுக்குவார். கத்தரியும் கையுமாக மாடியேறி, தாறுமாறாக வளர்ந்த செம்பருத்தியைக் கவாத்தும் செய்வார். அதுவரை சரி. வெட்டிய கிளையைக் கையில் எடுத்ததும்தான் புத்தி தடுமாறுகிறது. பென்சில் பருமன், நாலைந்து கணு, அடியில் சாய்வாக ஒரு வெட்டு, வெட்டுவாயில் சோற்றுக்கற்றாழைச் சாறு. காலித் தயிர் டப்பாவில் தென்னைநார்க்கழிவை அடைத்து, "சும்மா சொருகித்தான் வைப்போமே" என்கிறார். ஒரு செடியைக் கழிக்கப் போன இடத்தில் பத்து தயிர் டப்பாக்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ரணகள்ளிக்குக் கத்தரிகூட வேண்டாம். உதிர்ந்த இலையின் விளிம்பிலேயே குட்டிகள் முளைத்துக் கிடக்கும். அவற்றைக் கூட்டித் தள்ள மனசு கேட்காமல், காதுகுத்து வைக்காத குறையாகத் தனித்தனி டப்பாவில் குடியேற்றுகிறார்.

ஆகவே, தோட்டம் கைமீறிப் போவதற்கு வயதோ வெயிலோ காரணமல்ல, கழிக்க மனம் வராததுதான் காரணம் என்பது என் கட்சி. அரசுத் தோட்டக்கலைத் துறை மானியத்தில் கொடுத்த மாடித்தோட்டத் தளையில் இருந்தவை 6 பைகள். ஆறு பைகளை முழங்கால் வலியோடும் பார்த்துக்கொள்ளலாம். ஆறு நூறானால், பைக்கு ஒரு லிட்டர் என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் நாளைக்கு 100 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் பத்து நடை. சொட்டுநீர்க் குழாய் போட்டால் சுமை குறையுமே என்று கேட்கலாம். குறையும்தான். மிச்சமான நேரத்தில் அவர் இன்னும் ஐம்பது சொருகுவார். வேலையை எளிதாக்கும் எந்த உபாயமும் இவரிடம் செடியைப் பெருக்கும் உபாயமாகவே முடிகிறது.

செடிக்கும் உயிர் உண்டே, பிடுங்கி எறியலாமா என்பது அடுத்த ஆட்சேபம். கேட்க உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் செடியால் பிழைக்கிற விவசாயி இப்படிப் பேசுவதில்லை. கீரை நெருக்கமாக முளைத்தால் கலைத்துவிடுகிறார். காய்ப்பு ஓய்ந்த கத்தரியைப் பிடுங்கிவிட்டு அடுத்த பட்டத்துக்கு நிலத்தைத் தயார் செய்கிறார். அவருக்குப் பயிர்மேல் பாசம் குறைவு என்று யார் சொல்வார்கள்? நம்மவரோ காய்த்து ஓய்ந்த வெண்டைக்குப் பஞ்சகவ்யம் தெளித்து, அது மனம் மாறும் என்று காத்திருக்கிறார். பூச்சி வந்தால் "இயற்கையே பாத்துக்கும் சார்" என்று ஒரு வேதாந்தம் வேறு. 2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டபோது அப்படி யாரும் கைகட்டி உட்காரவில்லை. அதை ஒழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. அந்தப் பூச்சி செம்பருத்தியையும் விடாது. பஞ்சுபஞ்சாக வெள்ளை அப்பிய கிளையை வெட்டி, கட்டி, குப்பையில் போடுவதுதான் முதல் வைத்தியம். இவர் அதிலும் ஒரு துண்டைச் சொருகி, "நல்லா வரும், வெச்சுக்கோங்க" என்று பக்கத்து வீட்டுக்குச் சீதனமாக அனுப்பிவிடுகிறார். மறுத்தால் மனிதாபிமானம் இல்லாதவர் ஆகிவிடுவோம்.

கொடுக்கத்தானே செய்கிறார், அதிலென்ன குற்றம் என்றும் கேட்கலாம். கொடுக்கிறார், உண்மை. அவர் பறித்துத் தரும் கறிவேப்பிலையின் வாசம் கடைக் கட்டில் வராது; புதினாவும் அப்படித்தான். அதற்காக அவரை எவ்வளவு வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாத விஷயம் வேறு. ஆடிப்பட்டத்தில் விதைப்பவர் அவர். மார்கழிக் காலையில் பூவைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புபவரும் அவர். வைகாசி வெயிலில் வாளி தூக்குபவர் அவருடைய மனைவி. அவர்கள் ஊருக்குப் போனால் வாட்ச்மேன். அவரும் லீவு போட்டால் எதிர்வீட்டு மாமி. இத்தனை பேரில் ஒருவரிடமாவது, இன்னும் ஒரு பை வைக்கலாமா என்று கேட்டது உண்டா? கேட்டிருந்தால் ஆறு ஆறாகவே இருந்திருக்கும். தோட்டம் பெரிதாவது உழைப்பால் அல்ல, அடுத்தவர் உழைப்பைக் கணக்கில் சேர்க்காததால்.

குறைப்பதற்கு வழி ஒன்றுதான் இருக்கிறது, அதற்குக் கத்தரியோ கரைசலோ வேண்டாம். எந்தச் செடி இருக்கலாம், எது போகலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைத் தண்ணீர் ஊற்றுபவர் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்த அம்மாள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடுவார். கறிவேப்பிலையும் புதினாவும் மிஞ்சும். தயிர் டப்பாக்கள் பழைய பேப்பர்க்காரருக்குப் போகும்.