இடையிசையில் நிற்றல்

நடுவயதினர் கரோக்கி மேடையில் பாடும் துள்ளலான ஆங்கிலப் பாடல் தேறுவதும் தேறாததும் அதன் வேகத்தைப் பொறுத்ததன்று. பாடகர் பாடாமல் நிற்க வேண்டிய நேரத்தைப் பொறுத்தது. விழாக் குழுவினர் எவரும் இதை ஏற்பதில்லை. "உற்சாகமா ஒரு இங்கிலீஷ் பாட்டு பாடுங்க சார்" என்று ஊரைக் கேட்டுவிட்டு, கேட்டவரே முதலில் மேடையேறி ஓர் அழுகைப் பாட்டைப் பாடி இறங்கும் வழக்கம் இராயபுரம் முதல் அனல்மின் நிலையக் குடியிருப்புகள் வரை வேரூன்றியுள்ளது. பள்ளியில் சேர்த்த நாளில் தலைமையாசிரியர் உத்தேசமாக எழுதிய பிறந்த தேதியின் புண்ணியத்தால் மே, ஜூன் மாதங்களில் பணிநிறைவு விழாக்களும் குவிந்துவிடுவதால், பாடல் தேர்வுக்குச் சில நெறிகளை வகுப்பது இனியும் தள்ளிப்போடத்தக்கதன்று. ஆய்வுக்களம் அத்திப்பட்டு. (வெளியூரார் கேட்பதற்குள் சொல்லிவிடுவது நல்லது: 2001இல் வந்த 'சிட்டிசன்' திரைப்படத்தில் காணாமற்போன ஊர் அத்திப்பட்டி, அத்திப்பட்டு தன் ரயில் நிலையத்தோடும் சாம்பலோடும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.)

முதல் நெறி குரலெல்லை. பாடகர் தம் ஆதார சுருதியாகக் கொள்ளும் சுரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வது மரபு. கரோக்கிச் செயலிகளில் இதை இறக்கிக்கொள்ள வசதி உண்டெனினும், ஐம்பதைக் கடந்த ஆண்கள் அதைத் தொடுவதை இழுக்கெனக் கருதுகின்றனர். விளைவாக, ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' பல்லவி இரண்டு ஸ்தாயிக்கும் மேலே ஏறுகையில் பாடகரின் புருவங்கள் மட்டுமே உச்சத்தை எட்டுகின்றன. பான் ஜோவி குழுவின் 'லிவிங் ஆன் எ பிரேயர்' (1986) கடைசிப் பல்லவியில் சுருதியையே உயர்த்திவிடுவதால், அதுவரை தாக்குப்பிடித்தவரும் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி "நீங்க பாடுங்க" என்கிறார். கூட்டம் பாடுவதில்லை.

இரண்டாம் நெறி மூச்சு. போனி எம் குழுவின் 'டாடி கூல்' (1976) இசைத்தட்டில் ஒலிக்கும் ஆண்குரல் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியனுடையது. தொலைக்காட்சியில் துள்ளி ஆடியவரோ பாபி ஃபாரெல். ஆடுபவர் பாடலாகாது, பாடுபவர் ஆடலாகாது என்னும் இந்த வேலைப் பங்கீடு நடுவயதுக்கென்றே அமைந்ததெனினும், ஒருவரே இரண்டையும் செய்து இரண்டாம் வரியில் இருமுகின்றனர். வேகம், மூச்சு இரண்டையும் விட்டு ஊர்ப்பற்றை அளவுகோலாக்குவோர், 1936இல் மதராஸில் பிறந்தவர் என்ற ஒரே தகுதிக்காக எங்கல்பர்ட் ஹம்பர்டிங்கைத் தேர்ந்தெடுத்து அரங்கை உறங்கவைக்கின்றனர். ஆங்கிலப் பாட்டுக்குக் கோட்டு தேவையில்லை என்பதை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' விடுதியில் அறுபதுகளின் இறுதியிலேயே புடவையுடன் பாடி உஷா உதூப் நிறுவிவிட்டபோதும், எண்ணூர்க் கழிமுகத்தின் உப்புக்காற்றில் கோட்டு மாட்டிக்கொண்டு நனைவோர் குறித்துத் தனியே எழுத வேண்டும். இந்நெறிகளுக்கெல்லாம் பொருந்தும் பாடல்களின் பட்டியலைத் தருவதற்குமுன், மூன்றாம் நெறியைப் பார்த்துவிடலாம்.

இடையிசை என்பது பாடகர் வாய்மூடி நிற்க, வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் பகுதி. மெல்லிசைக் குழுவில் அப்போது பார்வையாளரின் கண் வயலினுக்கோ தபேலாவுக்கோ போய்விடும். கானாவில் டேப்பு அடிப்பவர் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் பாடகர் அவரைச் சீண்டியே நேரத்தைக் கடத்திவிடுவார். கரோக்கியில் வாத்தியக்காரர் அனைவரும் பெட்டிக்குள் இருப்பதால், அரங்கின் மொத்தப் பார்வையும் மேடையில் இருக்கும் ஒரே உடல்மேல் விழுகிறது. 1971இல் ஜப்பானின் கோபே நகரில் முதல் கரோக்கிப் பெட்டிகளுள் ஒன்றை உருவாக்கிய இனோவே தைசுகே, பிறர் பாடப் பக்கவாத்தியம் வாசித்துப் பிழைத்தவர். தமக்கு மாற்றாக ஒரு பெட்டியை வைத்துவிட்டு அவர் நகர்ந்துகொண்டார், பாடகர் தனியே மாட்டிக்கொண்டார். மனிதர் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புதுவழி கண்டதற்காக 2004இல் அவருக்கு இக் நோபல் என்னும் கேலிப் பரிசு வழங்கப்பட்டது. பரிசுக் குழுவினர் அத்திப்பட்டுக்கு வந்ததில்லை.

இடையிசையில் நிற்போர் பல வகையினர். உறைவோர், மைக்கை மோவாயில் பதித்துத் திரையையே வெறிப்பர். திரையைப் படிக்க வெள்ளெழுத்துக் கண்ணாடியும் கூட்டத்தைப் பார்க்க வேறு கண்ணாடியும் வைத்திருப்போர், இரண்டையும் மாற்றி மாற்றி அணிந்து நேரத்தைப் போக்குவர். கிதார்க்காரர், ஒரு கையில் மைக் இருப்பதால் மறுகையால் மட்டும் இல்லாத கிதாரை மீட்டுவர். தந்தியை அழுத்துவது யார் என்பது விளங்காது. தட்டுவிப்போர், இரு கைகளையும் தலைக்குமேல் உயர்த்திக் கூட்டத்தைக் கைதட்டச் சொல்வர். கூட்டத்தின் ஒரு கையில் பிரியாணித் தட்டும் மறுகையில் தண்ணீர்ப் பாட்டிலும் இருக்கும். உரைப்போர், "இது எங்க ஹாஸ்டல்ல ஃபேமஸான பாட்டு" எனத் தொடங்கி, பந்தல்காரருக்கு நன்றி சொல்லி முடிப்பதற்குள் அடுத்த சரணத்தில் பாதி போய்விடும். அழைப்போர், மனைவியை மேடைக்கு வருமாறு சைகை செய்வர். அந்த அம்மையார் பார்க்கும் பார்வைக்குப் பிறகு உறைவோராக மாறுவர்.

ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிபோர்னியா' (1976) இவ்வகையினர் அனைவரையும் ஒரே ஆளிடம் காட்டவல்லது. ஆறரை நிமிடம் ஓடும் இப்பாடலில் கடைசி இரண்டு நிமிடங்களுக்கும் மேல் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் கிதாரில் மாறிமாறி உரையாடுகின்றனர். அதன்பின் பாட்டு வரியே கிடையாது, ஒலி தேய்ந்து மறைகிறது. ஆயினும் இன்னொரு சரணம் வருமென நம்பும் பாடகர், லெவல் கிராசிங்கில் நிலக்கரி வேகன்களை எண்ணிக்கொண்டு நிற்பவராக, மைக்கைப் பிடித்தபடி நிற்கிறார். மூலப்பாடகர் டான் ஹென்லிக்கு இச்சிக்கல் எழவில்லை. அவரே குழுவின் டிரம்ஸ் கலைஞர் என்பதால், பாடி முடித்த பிறகும் அவர் கைகளுக்கு வேலை இருந்தது. அத்திப்பட்டுப் பாடகருக்கு அந்த வேலையில்லை. இருப்பினும், வேறொருவருக்கு வேலை இருக்கக்கூடும் என்று எண்ணி மைக்கைக் கீழே வைப்பதுமில்லை. இப்பாடல் துள்ளலிசையில் சேராது என்பதை எடுத்துச் சொன்னால், "கிளாசிக் சார்" என்று விடை வருகிறது.

இந்நெறியின் அவசரத்துக்குச் சட்டமும் ஒரு காரணம். ஒலி மாசு விதிகளின்படி (2000) இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குத் தடையுண்டு. பொதுவாக எவரும் பொருட்படுத்தாத அவ்விதியைப் போன வாரம் ஒரு மண்டபத்தார் நொடி பிசகாமல் கடைப்பிடித்தனர். அந்நேரத்தில் மேடையில் மேற்சொன்ன பாடலின் இரண்டாம் கிதார் போய்க்கொண்டிருந்தது. பட்டியலில் அதற்கடுத்த பெயர் இவ்வாய்வாளருடையது என்பதற்கும் மேற்கண்ட முடிவுகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அவர் பல வாரங்கள் பழகிய பாடல் மூன்றரை நிமிடமே ஓடுவது, கட்டைக்கு அடங்குவது, இடையிசை அறவே இல்லாதது. அடுத்த விழா மாதக் கடைசியில் வரவிருப்பதாலும், பெயரைக் கேட்டவுடன் முந்திக்கொள்ளும் நண்பர்கள் இவ்வட்டாரத்தில் மலிந்திருப்பதாலும், பரிந்துரைப் பட்டியல் வெளியிடப்படவில்லை.