நைன்டி கேசட்டும் தொண்ணூறு நிமிடப் பொம்மையும்

1980-களில் திருச்சி தெப்பக்குளத்தைச் சுற்றிய தெருக்களில் பாட்டுப் பதிந்து தரும் கடைகள் இருந்தன. காலிக் கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துவிட்டு வந்தால், ஓரிரு நாளில் போய் வாங்கிக்கொள்ளலாம். சிக்ஸ்டி கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம்; நைன்டி என்றால் 45. எனக்கென்று பதிய வந்தபோது அப்பா நைன்டிதான் வாங்கினார்.

பட்டியலைக் கையில் வாங்கியதும் கடைக்கார அண்ணன் ரெக்கார்டு உறைகளை எடுத்து வைத்து நிமிடக் கணக்குப் போடுவார். "சார், இந்தப் பாட்டு ஏ சைடுல முழுசா ஏறாது, பாதியில அறுந்துடும். பி சைடுக்குத் தள்ளினா அங்க ஒண்ணு குறையணும்" என்பார். அப்பா பட்டியலை மறுபடி வாங்கிப் படிப்பார். "பாப்பா கேட்ட பாட்டு எதையும் எடுக்காதீங்க. நான் எழுதினதுல ஒண்ணைக் குறைச்சுக்குங்க." வீட்டுக்கு வந்ததும் கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் பேனா முனையால் உடைத்துவிடுவார். அதற்குப் பிறகு யாரும் தெரியாமல் அதன் மேல் வேறு எதையும் பதிந்துவிட முடியாது.

கேசட்டை ஃபிலிப்ஸ் நிறுவனம் 1963-இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில்தான் முதலில் காட்டியது. நான் இப்போது வாழும் ஜெர்மனியில், என் வயதுக்காரர்கள் பலர் கேசட்டில் ஒலிநாடகம் கேட்டு வளர்ந்தவர்கள். 1979-இல் கேசட்டாக வரத் தொடங்கிய மூன்று சிறுவர்களின் துப்பறியும் கதைத் தொடர் ஒன்றை, இன்று தலை நரைத்தவர்களும் தூங்கப்போகும் முன் கேட்கிறார்கள். குழந்தைக்குக் காதால் கதை கொடுப்பது இங்கே பெரிய வழக்கம். டூசல்டோர்ஃபில் இரண்டு அப்பாக்கள் சேர்ந்து உருவாக்கி, 2016-இல் விற்பனைக்கு வந்த டோனி பாக்ஸ் என்னும் குழந்தைகளுக்கான ஒலிப்பெட்டி அந்த வழக்கத்தில் பிறந்ததுதான். கீறல் விழுந்த சிடிகளால் பட்ட தொல்லைதான் அந்த யோசனைக்கு வித்து.

என் மகனிடமும் ஒன்று இருக்கிறது. மெத்தென்ற துணி போர்த்திய பெட்டி, திரை கிடையாது. பெட்டியின் மேல் இரண்டு காதுகள்: பெரிய காதை அழுத்தினால் சத்தம் கூடும், சின்னக் காதை அழுத்தினால் குறையும். பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த பாட்டு. மேலே ஒரு பொம்மையை வைத்தால் காந்தம் பிடித்துக்கொள்ளும், கதை தொடங்கும். பொம்மைக்குள் கதை எதுவும் இல்லை; இருப்பது ஒரு சிறு சிப். அதன் எண்ணைப் பெட்டி படித்து, வைஃபை வழியாக ஒலியை ஒருமுறை இறக்கித் தன்னுள் வைத்துக்கொள்ளும். பிறகு இணையமே வேண்டாம்.

இங்குள்ள கடையில் வாங்கிய பொம்மைகள் எல்லாம் ஜெர்மனில் பேசின. தமிழ் பேசும் பொம்மை எதுவும் அங்கே எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நாமே நிரப்பிக்கொள்வதற்கென்று தனி வகைப் பொம்மை உண்டு. அதன் கொள்ளளவு 90 நிமிடம். உறையில் அதைப் படித்தபோது எனக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. உலகத்துப் பாட்டு முழுவதும் போனுக்குள் வந்துவிட்ட காலத்தில், அப்பா தெப்பக்குளத்தில் போட்ட அதே கணக்கை நானும் போட வேண்டியிருந்தது.

மாதச் சந்தா கட்டிக் கேட்கும் பாட்டுகள் இதற்கு உதவாது. அவை பூட்டப்பட்டவை, கோப்பாக வெளியே எடுக்க முடியாது. காசு கொடுத்து வாங்கிய கோப்புகள், பழைய சிடிகள், ஊரிலிருந்து கொண்டுவந்த அப்பாவின் கேசட்டுகள் இவைதான் என் கையிருப்பு. கேசட்டைக் கணினிக்கு மாற்றக் குறுக்கு வழி கிடையாது. டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒரு வயர், ஆடாசிட்டி மென்பொருள், பிறகு பொறுமை. 45 நிமிடப் பக்கம் ஏற 45 நிமிடம்தான் ஆகும்.

மாற்றியபின் செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. கேசட்டிலிருந்து வந்த பாட்டு மெல்லியதாக இருக்கும். புதுப் பாட்டு அலறும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால், மெல்லியதற்காகக் குழந்தை கூட்டிய சத்தம் அடுத்த பாட்டில் காதைத் தாக்கும். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-இல் வெளியிட்ட தரநிலை, ஹெட்போனில் கேட்கும் குழந்தைகளுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 75 டெசிபல் என்று எல்லை வைக்கிறது. ஆகவே எல்லாப் பாட்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஏற்றுகிறேன்.

பாட்டைவிட அதிகம் கேட்கப்படுவது அம்மாச்சியின் கதை. திருச்சியிலிருந்து அம்மா வாட்ஸப்பில் குரலாக அனுப்பியதை எம்பி3 ஆக மாற்றி ஏற்றினேன். கதை சொல்கிறவருக்கு "உம்" கொட்ட ஆள் வேண்டும். எதிரே பேரன் இல்லாவிட்டாலும், ஒவ்வொரு வாக்கியமும் முடிந்த இடத்தில் அம்மா அவனுக்காக ஒரு கணம் நிறுத்தியிருக்கிறார். "நரி என்ன பண்ணுச்சு தெரியுமா?" அதன் பின் இடைவெளி. பின்னணியில் குக்கர் விசில். என் மகன் தரையில் கட்டைகளை அடுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல், சரியாக அந்த இடத்தில் "உம்" என்கிறான். பகலெல்லாம் ஜெர்மன் பேசும் பிள்ளை அவன். எந்தக் கடையும் அந்த இடைவெளியை விற்க முடியாது.

அன்றைய கேசட்டில் ஒரு தைரியம் இருந்தது: பாட்டு நம் கையில் இருந்தது. நாடா சிக்கினாலும் பென்சிலைப் பல்சக்கரத்தில் செருகிச் சுற்றிச் சரிசெய்துகொள்ளலாம். இன்றைய பொம்மைக்குப் போகும் வழியில் நிறுவனத்தின் சர்வர் நிற்கிறது. இன்றிருக்கும் சேவை இன்னும் இருபது ஆண்டு கழித்தும் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் ஏற்றிய ஒவ்வொரு கோப்பின் மூலப் பிரதியையும் தனி ஹார்ட் டிஸ்கில் வைத்திருக்கிறேன்; எந்தப் பொம்மையில் என்ன வரிசை என்பதை நோட்டிலும் எழுதிவைக்கிறேன். அப்பா உடைத்த பிளாஸ்டிக் துண்டு செய்த காவலை இப்போது இவை செய்கின்றன.

கருவி மாறியதில் எனக்கு வருத்தமில்லை. இந்தக் குழந்தைக்கு இது என்று ஒருவர் உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். அதைத்தான் கைவிடக் கூடாது என்கிறேன். எதை வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம் என்னும்போது அந்த வேலையை யாரும் செய்வதில்லை. 90 நிமிடம்தான் என்னும்போது செய்தே ஆக வேண்டியிருக்கிறது.

வெளியூரில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாட்டு எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும். முதலில் வீட்டுப் பெரியவர்களின் குரலைப் பதிந்துகொள்ளுங்கள். பெரிய மைக் வேண்டாம், போன் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை ஒரு முழ தூரத்தில் வைத்து, குழந்தையின் பெயரைச் சொல்லிக் கதையைத் தொடங்கச் சொல்லுங்கள். குக்கர் விசில் அடித்தால் அடிக்கட்டும், வெட்டிவிடாதீர்கள்.